குருணையின் கண்ணும் வசந்தா அக்காவும்

வசந்தா அக்கா இன்று காலை போய்விட்டாராம்... நெஞ்சுவலி.

நான் போன் செய்தது பூனையின் கண்ணைப் பற்றிப் பேச. எடுத்தது அவர் மகள். "அம்மா இல்லக்கா" என்றாள். கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்து, "எப்ப வருவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கும்பகோணத்தில் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி இதை டைப் செய்கிறேன். உட்கார முடியவில்லை. கூடைக்குள் என் பூனை குருணை கத்திக்கொண்டே இருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி... வரிசை நகரவே இல்லை.

இதைப் படிக்கும் பலருக்கு அக்காவைத் தெரியாது. பாபநாசம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் இருவரும் பில் போட்டோம். அடுத்தடுத்த டேபிள். குருணை அப்போது மில் பூனை, எலிக்காக வளர்த்தது.

அக்காவுக்குப் பூனை என்றாலே ஆகாது. காலில் உரசினால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். "ஏ செல்வி, இத தூக்கிட்டுப் போ மொதல்ல!" என்று என்னிடம் கத்துவார்.

ஆனால் முதலில் கவனித்தது அவர்தான். சம்பா அறுவடை நேரம். லோடு மேல் லோடு. "அது ஒத்தக் கண்ண மூடிக்கிட்டே திரியுது பாரு."

தூக்கமாக இருக்கும் என்றேன்.

"தூக்கம்னா ரெண்டு கண்ணும்ல மூடும்?"

கண்ணில் நீர் வழிந்தது. முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. லோடுமேன் ஒருவர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார். டிரைவர், தனக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய சொட்டு மருந்தை எடுத்து வந்தார்.

அக்கா அதைக் கையில் வாங்கி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டார். "என்னன்னு ஒங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தெரியாம எதையும் விட வேணாம்."

சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் கருவிழி மேல் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். அக்கா டிபன் பாக்ஸை அப்படியே மூடினார்.

முதலாளியிடம் போய் அரை நாள் லீவு கேட்டார். "பூனைக்கா லீவு?" என்று அவர் சிரித்தார்.

"ஆமாங்க. பூனைக்குத்தான்." பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பூனையை உள்ளே வைத்து, டவுன் பஸ்ஸில் போனோம். பெட்டி என் மடியில். அக்கா பக்கத்தில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே, "மூச்சு விடுதா பாரு... மூச்சு விடுதா பாரு..." ஊர் வரும்வரை இதே கேள்வி.

டாக்டர் பூனையின் கண்ணில் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல லைட் அடித்தார். கருவிழியில் ஒரு கீறல், பச்சையாக மின்னியது. மரத்துப்போக மருந்து விட்டு, கண்ணின் உள்மூலையில் இருக்கும் ஜவ்வுக்கு அடியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தார். நெல் உமி!

"வேற எதுவும் விட்டீங்களா?"

"இல்லைங்க சார்."

"நல்லதாப் போச்சு. மனுஷங்களுக்குக் குடுக்குற சில சொட்டு மருந்து இந்தப் புண்ணப் பெருசாக்கிடும். ரெண்டு நாள் விட்டிருந்தா கண்ணே போயிருக்கும்."

அதற்குப் பிறகு தினமும் மருந்து விடும் கூத்து. நான் துண்டில் சுற்றிப் பிடிப்பேன், அக்கா சொட்டு விடுவார். முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. பயத்தில் அவர் தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கண்ணு எங்கடி இருக்கு?" என்கிறார்.

நடுவில் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போக முடியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அக்காவின் இரண்டு கையிலும் நகக்கீறல்.

"கட்டிப் புடிச்சுக்கிட்டேன்டி. வேற என்ன பண்றது?"

கண் பிழைத்தது. ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றுவிட்டது. நான் வேலையை விட்டபோது குருணையையும் கூட்டி வந்துவிட்டேன். அக்கா போன் செய்தால் முதல் கேள்வி, "கண்ணு எப்டி இருக்கு?" அது என் கண் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்று காலை இன்னொரு கண். சிவந்து வீங்கி, அந்த உள் ஜவ்வு பாதிக் கண்ணை மூடியிருந்தது. பார்த்ததும் அக்காவுக்குத்தான் போன் போட்டேன்...

இப்போதுதான் உள்ளே போய்விட்டு வந்தேன். கீறல் இல்லையாம். இன்ஃபெக்‌ஷன். "ஒடனே கொண்டாந்துட்டீங்க, சரியாயிடும்" என்றார் டாக்டர்.

நல்ல செய்தி. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டிருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் எடுத்துவிடுவார்களாம். வீட்டுக்குப் போய்ப் பூனையை விட்டுவிட்டு வர நேரமில்லை. கூடையோடுதான் கிளம்புகிறேன்.

பஸ் வந்துவிட்டது.

அக்கா... நான் வர்ற வரைக்கும் இருங்க.