மூஞ்சி கழுவாத மண்ணு

ஏலே அப்பு, ஒனக்கு வேற பொழப்பே இல்லையா? அடுப்புல வெஞ்சனம் வேகுது, இப்பப் போயி ‘தூக்குவாளியில மண்ண அள்ளிக்கிட்டு பல்கலைக்கழகத்துக்கு எதுக்குப் போன’ன்னு நோண்டுற. சரி உக்காரு. வெங்காயத்த உரி. உரிச்சுக்கிட்டே கேளு.

எங்க மல்லிகைத் தோட்டம் அம்புட்டும் மஞ்சளாப் போச்சு. எல வெளுத்து, மொட்டு சிறுத்து, பூக்கடைக்காரன் மூஞ்சியச் சுளிக்கிறான். மகன் சொல்லிட்டான், “தையிக்குள்ள தெளியலைன்னா புடுங்கிட்டு எடத்த வித்துருவோம்”னு. நான் தண்ணி ஊத்தி வளத்த செடி. புடுங்க விட்டுருவேனா?

அந்நேரம் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மையத்துல இருந்து ஒரு டீச்சர் புள்ள வந்துச்சு. பூ வெளையுற ஊருல மண்ணச் சரி பண்ண வகுப்பு எடுக்குறாகளாம். மொதல்ல அவுகவுக தோட்டத்து மண்ணக் குடுங்க, டெஸ்ட் பண்ணிப் பாத்து, எந்த ஊருக்குத் தேவையோ அங்க வகுப்புன்னுச்சு.

எங்க ஊருப் பொம்பளைகதான் வீட்டுக்கு ஆளு வந்தா கிழிஞ்ச பாய ஒளிச்சு வைக்கிறவளுகளாச்சே! ஒருத்தி எருக்குழி ஓரத்து மண்ணக் குடுத்தா. ஒருத்தி வாழைக்கு அடியில அள்ளுனா. நான் பூ மார்க்கெட்டுக்குப் போன நேரத்துல எம் மருமக, அரிசி கழுவுன தண்ணி ஊத்துற கருவேப்பிலைக்கு அடியில அள்ளி, கல்லுப் பொறுக்கி, முறத்துல பொடச்சுக் குடுத்துருக்கா.

“நம்ம தோட்டத்த நாலு பேரு நொட்டை சொல்லக் கூடாதுல்ல, அத்தே.”

“அடியே, பொண்ணு பாக்க வந்தா பக்கத்து வீட்டுக்காரியவா காட்டுவ?”

டீச்சர் போன் போட்டுருச்சு. “உங்க ஊரு மண்ணு தங்கம் பாட்டி. வகுப்பே வேணாம், வேற ஊருக்குப் போறோம்.” பொம்பளைகளுக்கு ஒரே சிரிப்பு. நான் தை மாசத்துக்கு எத்தன நாளு கெடக்குன்னு எண்ணிப் பாத்தேன்.

மறுநா காலையில பூவ வண்டியேத்திட்டு, மல்லிகை வரிசைக்குள்ள தோண்டி தூக்குவாளிய நெரப்பி பஸ் ஏறிட்டேன். பல்கலைக்கழகத்துக் கேட்டுல வாச்மேன், “என்ன பாட்டி, கொழம்பா?”ன்னான்.

“ஆமா, ஒங்க டீச்சருக்கு மண்ணுக் கொழம்பு.”

டீச்சர் தெறந்து பாத்துட்டு, “இது எந்த ஊரு மண்ணு?”ன்னுச்சு.

“எங்க ஊருதான் தாயி. முன்னால வந்தது பவுடர் பூசி வந்துச்சு. இது மூஞ்சி கழுவாத மண்ணு.”

சிரிச்சுச்சு. ஆனா, “உங்க ஒருத்தருக்காக வகுப்பு வைக்க முடியாதே பாட்டி. நானே வந்து எல்லாத் தோட்டத்துலயும் எடுக்கணும். விடுவாங்களா?”ன்னுச்சு.

“விட வைக்கிறேன். நீ வா.”

வந்துச்சு. ஒருத்தியும் வேலிப் படலத் தெறக்கல. நான் தெருவுல நின்னு கத்துனேன், “எங்க தோட்டத்துக்கு வா தாயி, ஊருலயே உருப்படாத மண்ணு எங்குதுதான்!”

எதுத்த வீட்டுக்காரிக்குப் பொறுக்கல. “போங்க அயித்தே, எங்குது அதவிட மோசம்!”

“எங்க செடியப் பாத்தா அழுதுருவீக டீச்சர்!”ன்னா இன்னொருத்தி. அம்புட்டுத்தேன், போட்டி போட்டுக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாளுக.

மண்ணுல சுண்ணாம்பு கூடிப் போச்சாம். சமுதாயக் கூடத்துல வகுப்பு வச்சு, என்ன போடணும், எம்புட்டுப் போடணும்னு சொல்லிக் குடுத்தாக. ஒரு வகுப்பு விடல நானு. தை வந்தப்ப கொழுந்து பச்சையா வந்துச்சு. மகன் மம்பட்டிய எடுத்துக்கிட்டுத் தண்ணி பாய்ச்சப் போயிட்டான்.

அப்பறம் அக்கம்பக்கத்துக்காரிக, “அவ்வளவு பெரிய காலேசுக்குப் போயி என்ன படிச்சீக?”ன்னாளுக.

“நீங்கள்லாம் பாஸாகி வகுப்ப வெரட்டி விட்டீக. நான் போயி ஃபெயிலாகிக் கூட்டிட்டு வந்தேன்டி”ன்னேன்.