ரோசம்மாளின் திமிர்

பாலக்கரை ரோசம்மாளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று எங்கள் தெருவே பேசியது. மாதா கோயிலில் பக்கத்தில் வந்து நின்று சிரிப்பவர்களைக் கண்டுகொள்ள மாட்டாள். வழியில் இருக்கும் குடத்தைத் தட்டிவிடுவாள், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். அதற்கும் திமிர்தான் காரணம் என்றார்கள். கண்ணில் கோளாறு இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். நாற்பத்தைந்து வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசிக்கு நூல் கோர்த்தாள். நம் ஜனங்களுக்குக் கண் பரிசோதனை என்றால் அவ்வளவுதான்.

1959-இல் அவளுடைய தங்கை பேட்ரிசியாவின் கணவர் ஸ்தனிஸ்லாஸ் காலமானார். சவப்பெட்டிக்கு ஒரு பக்கமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்த பேட்ரிசியா, அக்காவைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினாள். ரோசம்மாள் அவளைத் தாண்டிப்போய்ப் பெட்டியின் முன்னால் நின்று அழுதாள். அழுது முடித்துத் தங்கையைத் தேடியபோது பேட்ரிசியா எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. ஏன் என்று கேட்டுத் தொலைத்திருக்கலாம். இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரோசம்மாள் மெஷினை மிதித்துக்கொண்டே அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க ஸ்ரீரங்கம் போனவள், அம்மா மண்டபம் சாலையில் பக்கவாட்டில் வந்த சைக்கிளில் மோதி விழுந்தாள். பட்டப்பகலில், அகலமான தெருவில். கட்டுப் போட்டவர்கள் சந்தேகப்பட்டுக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் அவளை நேரே பார்க்கச் சொல்லி, காதுப் பக்கத்திலிருந்து விரலை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். விரல் மூக்கருகே வந்த பிறகுதான் தெரிகிறது என்றாள்.

அதற்குக் கிளாக்கோமா என்று பெயராம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். பெரும்பாலும் வலியே இருக்காது. முதலில் ஓரத்துப் பார்வையைத் தின்னும், நேர்ப் பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும். போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் உடனே பார்க்க வேண்டும் என்றார்.

ரோசம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வரகனேரியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"என்கிட்ட நீ பேச வேண்டாம்டி. கண்ணை மட்டும் ஒரு தடவை காட்டிட்டு வந்துடு. உனக்கும் வந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

தன் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, பேட்ரிசியா வாசலைவிட்டு விலகி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள், போகச் சொல்வதற்காக. ரோசம்மாள் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போன?" என்றாள்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் பேட்ரிசியா நின்றிருந்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு அக்காவோடு கிளம்பினாள்.

பேட்ரிசியாவின் கண்ணிலும் அழுத்தம் ஏறியிருந்தது. ஆனால் பார்வை இன்னும் கெடவில்லை. மருந்தை விடாமல் போட்டு, சொன்ன தவணைக்கெல்லாம் வந்து காட்டினால் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். பிறகு ரோசம்மாளைக் காட்டி, இந்த அளவுக்கு வர வருஷக்கணக்காகியிருக்கும், முன்பே வந்திருந்தால் பாதிப் பார்வையாவது நின்றிருக்கும் என்று கடிந்துகொண்டார். வீட்டில் ஒருவருமா கவனிக்கவில்லை என்று கேட்டார்.

"நான் கவனிச்சேங்க டாக்டர்," என்றாள் பேட்ரிசியா. "எங்க வீட்டுக்காரர் செத்தன்னைக்குக் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போனா. நான்தான் அதைத் திமிருன்னு நெனச்சுட்டேன்."

ரோசம்மாள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள்.

"கையை நீட்டினியாடி?" என்று கேட்டாள்.