அத்தை மாற்றிய ரேடியேட்டர்

என் அத்தையையும் அவளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த எங்கள் பழைய காரையும் ஒரே நாளில் சிதம்பரத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். வண்டியும் கொதிக்கிறது, பெண்ணும் கொதிக்கிறாள், எங்களால் ஆகாது என்று அவள் மாமியார் சொல்லியனுப்பினாளாம். இரண்டும் கடலூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஒன்பது வயது. அத்தை வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். வீடு ஏன் எழவு வீடு மாதிரி இருக்கிறது என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

வந்த வேகத்தில் அத்தையின் டீச்சர் ட்ரெய்னிங் சர்டிபிகேட்டுகள் இருந்த ஃபைல் அந்த வீட்டு பீரோவிலேயே தங்கிவிட்டது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்; அடுத்த திங்கட்கிழமை ஒரிஜினலோடு போய் நிற்க வேண்டும். அப்பாவோ ஃபைலைக் கேட்டுப் போகக்கூடாது என்றார். கேட்டு வாங்கினால் உறவு அத்தோடு முறிந்ததாம். பொறுத்திருந்தால் அவர்களே வந்து கூப்பிடுவார்களாம்.

"கூப்ட்டா மட்டும் போயிடுவனா? வண்டிய சரி பண்ணி நானே போயி ஃபைல வாங்கிக்கிறேண்ணே," என்றாள் அத்தை.

பஸ்ஸில் போயேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். என்னையும் வண்டியையும் சேர்த்துத்தானே அனுப்பினார்கள், சேர்ந்தே போகிறோம் என்றாள் அத்தை. அவ்வளவு திமிர். அந்தத் திமிர் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அத்தை ரேடியேட்டரின் கீழ்க் குழாயைக் கழற்றியதும் மஞ்சளும் துருவுமாக ஒரு குழம்பு கொட்டியது. ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டி அடைப்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் கைவைத்தியம். அந்த வீட்டில் கால் கிலோவாவது கொட்டியிருப்பார்கள். ஆனால் துருவுக்கு அவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுவார்களா என்று நாங்களும் வருஷக்கணக்கில் போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தோம். இதை அப்பா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

முதுநகர் ரேடியேட்டர் கடைக்காரர் எடைக்குப் போடச் சொன்னார். அத்தை அவர் கடை வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அரித்துப்போன உள்கூட்டை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்த பிறகுதான் எழுந்தாள். ரப்பர் குழாய் எங்கும் கிடைக்காமல், குறிஞ்சிப்பாடியில் டிராக்டர் குழாய் வாங்கி அளவாக வெட்டிப் போட்டாள். தண்ணீர் பம்பின் இறக்கைகள் பாதி கரைந்திருந்தன. புதுப் பம்பை மாட்டியபோது கேஸ்கட் கோணலாக உட்கார்ந்து ஒழுகியது. என் காது கேட்கவே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி கழற்றினாள். கடைசியாக, அம்மா பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரில் ஒரு குடம் ரேடியேட்டருக்குள் போனது. அன்று முழுக்க அம்மா அவளோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். துணைக்கு நான். சிதம்பரம் வரை சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

மாமியார் வாசலுக்கு வந்தாள். அத்தை இறங்கவில்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை. ஜன்னல் வழியாகவே ஃபைலைக் கேட்டாள். உள்ளே வா, உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றாள் மாமியார்.

"ஃபைல் போதும் அத்த," என்றாள் என் அத்தை.

மாமியார் உள்ளே போனவள் வரவில்லை. வெயில் ஏறியது. நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கொதிக்கும் என்பது எனக்கே தெரியும். கொதித்தால் ஆறும்வரை அந்த வீட்டுக்குள்தான் போய் உட்கார வேண்டும். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் அப்படியே போனது. முள் அதற்குமேல் ஏறவில்லை.

கடைசியில் அத்தையின் புருஷனான மாமா வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு வேல பாத்தது?"

"நான்தான்."

அவர் உள்ளே போய் ஃபைலை எடுத்துவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

திரும்பும்போது புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினாள். மறுபடி சாவியைத் திருப்பியதும் வண்டி உடனே கிளம்பியது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்றுதான் அங்கே அணைக்கவில்லை என நினைத்திருந்த எனக்கு வந்ததே கோபம். "நல்லாத்தான ஸ்டார்ட் ஆவுது? அங்க ஏன் அத்த நிறுத்தல?" என்றேன்.

"நிறுத்துனா எறங்கணும்டி."

ஃபைலைச் சீட்டில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டினாள். இறங்கினால்தான் என்னவாம்? அந்த வீட்டுக்குப் போனவர்களுக்கெல்லாம் காபியும் முறுக்கும் கொடுப்பார்கள். அதைக் கெடுத்துவிட்டாளே என்று கடலூர் வந்து சேரும்வரை நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.