கிருஷ்ணர் பார்வை

தரமணி அலுவலகத்தில் எனக்குச் சம்பளம் வருவது ஒரே ஒரு உண்மைக்காக. மோட்டார் வேகமாகத் திரும்பவும் வேண்டும், சொன்ன இடத்தில் பிசகாமல் நிற்கவும் வேண்டும், சத்தமும் போடக்கூடாது என்றால் நடக்காது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். வாடிக்கையாளர்களிடம் இதைப் பொறுமையாக விளக்குவேன். வீட்டில் கடைப்பிடித்ததில்லை.

போன நவராத்திரிக்கு தி.நகரில் ஷட்டகர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அவருக்கும் மோட்டார்தான் தொழில். கீழ்ப்படியில் ஒரு சுழல்தட்டு, அதன்மேல் கிருஷ்ணர் பொம்மை. யாராவது பாட உட்கார்ந்தால் ஷட்டகர் பட்டனை அழுத்துவார். கிருஷ்ணர் நிதானமாகப் பாடுகிறவர் பக்கம் திரும்புவார்.

"அத்திம்பேர் கை பட்டா பொம்மைக்கும் உசிர் வந்துடறது," என்று மனைவி ஆட்டோவில் மயிலாப்பூர் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான் கவனித்தது வேறு. கிருஷ்ணர் இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடுகிறார். பாடுகிற மாமியை அல்ல, பக்கத்திலிருந்த சுண்டல் பாத்திரத்தைப் பார்க்கிறார். எனக்கு அது போதும். அந்த இரண்டு விரற்கடையை நம்பி இந்த வருஷம் எங்கள் கொலுவிலும் ஒரு சுழல்தட்டு வைத்தேன்.

கெயினை, அதாவது மோட்டாரின் விறைப்பை, ஏற்றிக்கொண்டே போனேன். என் கிருஷ்ணர் சடாரென்று திரும்பினார். குறி தப்பவில்லை. ஆனால் நின்ற இடத்தில் குளிர்ஜுரம் கண்டவர்போல நடுங்கினார். புல்லாங்குழல் கழன்று விழுந்தது. மோட்டார் விடாமல் ரீங்கரித்ததில், பாடிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமி அதன் சுருதிக்கே போய்விட்டார்.

"ஏன்னா, அத்திம்பேருக்கு ஒரு போன் பண்ணிக் கேளுங்கோளேன்."

"அவர்கிட்ட கேக்க இதுல ஒண்ணும் இல்லை."

மறுநாள் கெயினை இறக்கினேன். நடுக்கம் போயிற்று, ரீங்காரமும் போயிற்று. கிருஷ்ணர் நிதானமாகத் திரும்பி, சரியாக இரண்டு விரற்கடை முன்னால் நின்றார்.

மாலையில் எதிர்வீட்டு மாமி மறுபடி பாடிவிட்டு உருகினார். "என்ன அழகா திரும்பறார். உங்க அக்கா ஆத்துல பாத்தேனே, அச்சு அசல் அதே மாதிரி."

"அத்திம்பேர்ட்ட கேட்டுண்டிருப்பார் மாமி," என்றாள் மனைவி, முகமெல்லாம் சிரிப்பாக. "வெளில சொல்ல மாட்டார்."

நான் சுண்டல் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மாமிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தக் கூடத்தில் என்னைப் பார்த்தவர் கிருஷ்ணர் ஒருவர்தான்.