அண்ணன் கொடுக்காத துண்டு

அக்காவுக்கு வேலை ஆஸ்பத்திரித் தையலறையில். கிழிந்த படுக்கை விரிப்புகளையும், பொத்தான் உதிர்ந்த டாக்டர் கோட்டுகளையும் இருபத்தாறு வருஷமாகத் தைத்துச் சரிசெய்து வருகிறாள். அடுத்தவர் ஊசியைக் கூடக் கேட்காமல் எடுக்காதவள். அப்படிப்பட்டவளை ஐம்பத்து மூன்று வயதில் திருடியாக்கியது தங்கையின் கல்யாணம்தான்.

அந்தக் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் ஓர் ஒட்டுப்போர்வை கொடுத்தாக வேண்டும். சொந்தத்தில் உள்ள பதினோரு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒரு துண்டுத் துணி வரும். உடுத்திப் பழகிய துணியாக இருக்க வேண்டும். அத்தை மகன் ஒருமுறை புத்தம் புதுக் கைக்குட்டையைக் கசக்கிக் கொண்டுவந்து கொடுத்து, கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது எப்போதும் அக்காதான்.

தங்கைக்கு இது இரண்டாவது கல்யாணம். வயது நாற்பத்தைந்து. முதல் புருஷன் பிரிந்து போனபோது டிவியை விட்டுவிட்டுப் போர்வையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான் என்று அக்கா சொல்வாள்.

இந்தத் தடவை அண்ணன் முட்டுக்கட்டை போட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் வண்டிக்குப் பிரேக் போடுகிற பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

"ஒருத்திக்கு ஒரு போர்வைதான். அவளுக்கு எப்பவோ குடுத்தாச்சு. இந்த வயசுல கல்யாணமே அதிகம், இதுல போர்வை வேறயா? யாரும் துணி குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவரோடு மல்லுக்கட்ட யாருக்கும் தெம்பில்லை. மற்ற ஒன்பது வீடும் வாயைப் பொத்திக்கொண்டன. தங்கை அழவில்லை. போனில் ஒன்று மட்டும் சொன்னாள்.

"மத்தவங்க குடுக்காட்டி போகட்டும்க்கா. அண்ணன் துண்டு இல்லேன்னாதான், நான் ஏதோ தப்புப் பண்ற மாதிரி இருக்கு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே கைப்பையில் சின்னக் கத்தரிக்கோலைப் போட்டுக்கொண்டு, சொந்தபந்தங்களை நலம் விசாரிக்கக் கிளம்பிவிட்டாள்.

காலருக்கு அடியில், பைக்கு உட்பக்கம், ஓரமடிப்புக்குள் என்று வெட்டிய இடமே தெரியாமல் வெட்டினாள். சித்தப்பாவின் கட்டம் போட்ட பைஜாமாவில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. எழுபத்திரண்டு வயதில் தான் வளர்வதாகப் பயந்து மனிதர் டாக்டரிடமே போய்விட்டார். மாமா கோட்டுப்பையில் போட்ட சீப்பு உள்ளுக்குள்ளேயே பயணம் செய்து முதுகுப்பக்கம் தட்டுப்பட்டது. பெரியம்மா விவரமானவள். அலமாரியை விரியத் திறந்துவைத்து, "நான் பால் வாங்கிட்டு வரேன், அரை மணி நேரமாவது ஆகும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

கடைசியாக அண்ணன் வீடு. கொடியில் அவர் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அண்ணி அடுப்படியில் இருந்தாள். அக்கா சட்டையின் நுனியைப் பிடித்துக் கத்தரிக்கோலையும் விரித்துவிட்டாள், ஆனால் மனசு வரவில்லை. மற்றவர்கள் பயந்துகொண்டு கொடுக்காதவர்கள். அண்ணன் முடியாது என்று வாய்விட்டுச் சொன்னவர். அவர் துண்டைத் திருடித் தைத்தால் அது தங்கையை ஏமாற்றுவதுதான். டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தாள்.

கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் கையெழுத்து முடிந்து, எல்லாரும் மாடி ஹாலில் சாப்பிட வந்தார்கள். அண்ணனும் வந்தார். அண்ணியின் நச்சரிப்பு தாங்காமல் வந்தவர், தன் எதிர்ப்பைக் காட்ட வேலைக்குப் போடும் நீலச் சட்டையிலேயே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். அக்கா மேஜைமேல் போர்வையை விரித்தாள்.

"அட, என் பைஜாமா! அப்போ நான் வளரலையா?" என்று கத்தினார் சித்தப்பா.

"என் சீப்பு போன வழி இதுதானா?" என்றார் மாமா.

ஹாலே சிரித்தது. யாருக்கும் கோபமில்லை. கொடுக்காமல் விட்ட குற்ற உணர்ச்சி நீங்கிய சந்தோஷத்தில் ஆளாளுக்குத் தங்கள் துண்டைத் தடவிப் பார்த்தார்கள்.

அண்ணன் மெல்ல எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்வையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தடவை பார்த்தார்.

"என்னோடது எங்க?"

சிரிப்பு அடங்கிவிட்டது.

"நீங்க குடுக்கலையேண்ணா" என்றாள் அக்கா.

"இவங்க மட்டும் குடுத்தாங்களா? எல்லாம் நீ ஆட்டயப் போட்டதுதானே? என் வீட்டுக்கும் வந்தியே, கொடியில சட்டை தொங்கலையா?"

"தொங்கிச்சு. உங்ககிட்ட திருட மனசு வரலைண்ணா. நீங்களா குடுக்கணும்னுதான் இவ ஆசைப்பட்டா."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் கண்ணை விலக்கவில்லை. பேன்ட்டுக்குள் செருகியிருந்த நீலச் சட்டையை வெளியே இழுத்து நுனியை நீட்டினார்.

"வெட்டு."

"நாளைக்கு வேலைக்குப் போட்டுட்டுப் போகணுமேண்ணா."

"உள்ள செருகிக்கிட்டா எவனுக்குத் தெரியப்போகுது? வெட்டுன்னா வெட்டு."

அக்கா கைப்பையிலிருந்து அந்தச் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். தங்கை அவளிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி, சட்டை நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு அளந்து வைத்தாள்.

அண்ணன் குனிந்து பார்த்தார்.

"ஏன் கஞ்சத்தனம் பண்றே? நல்லா பெருசாவே எடுத்துக்கம்மா."