விரல் இருக்கும்போதே ஓர் ஆல்பம்

ராக் கிட்டார்காரன் பிழைப்பு என்பது ஆயுசு முழுக்கப் பாடகர் முதுகைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது. கிட்டாரைத் தொட்டுக் கெட்டுப்போன சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாற்பது வருஷம் அப்படி வாசித்த பிறகு என் இடது கை மோதிர விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. டாக்டர் நம்பிக்கை தரவில்லை. விரல் முழுசாகப் போவதற்குள் என் பேரில் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட வேண்டும் என்று சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தேன். அமைதியான ஊர் என்று சொல்லியிருந்தார்கள்.

அமைதி

செங்கம் ரோட்டில் ரூம் எடுத்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார வந்தவர்கள். மூன்றாம் நாளே வீட்டுக்கார அம்மா மாடியேறி வந்துவிட்டார். ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் காலி பண்றேன்றாங்க. கொஞ்சம் சத்தம் வராம வாசிங்களேன்.”

டிரம்ஸ்காரர்

கீழ்பென்னாத்தூரிலிருந்து டிரம்ஸ் வாசிக்க ஒருவர் வந்தார். கல்யாணக் கச்சேரிகளில் பேர் வாங்கியவர். முதல் பாட்டில் குரலே கிடையாது, ஐந்து நிமிஷமும் கிட்டார்தான். உயிரைக் கொடுத்து வாசித்து முடித்தேன். அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்:

“மியூசிக் நல்லா இருக்குது சார். பாடறவரு எப்ப வருவாரு?”

சுத்தம்

ஸ்டுடியோ அடி அண்ணாமலையில், பக்திப் பாட்டுகள் பதிவு செய்யும் கணேசனுடையது. ஒருநாள் காலை, என்ன புண்ணியமோ, விரல் சொன்ன பேச்சைக் கேட்டது. கம்பியை இழுத்து இழுத்துச் சுதியை வேண்டுமென்றே வளைத்தேன். ஆம்ப்ளிஃபையர் கரகரவென்று உறுமியது. இத்தனை வருஷமாக எனக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வாசிப்பு அது. மறுநாளிலிருந்து அந்த விரலில் உணர்ச்சியே இல்லை. பரவாயில்லை, பதிவு இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுவாரம் போனால் கணேசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. போட்டுக் காட்டினார். சாமி பாட்டுக்கு நடுவே வருகிற வீணை மாதிரி ஏதோ ஒன்று பளபளவென்று ஓடியது. யார் வாசித்தது என்று கேட்டேன். நான்தானாம். நான் வாசித்த மாதிரியே இருக்கும் பழைய பதிவு எங்கே என்று கேட்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“ஒரே இரைச்சல் சார், சுதியும் அங்கங்க கோணிக்கினு இருந்துச்சு. நாலு நாள் உக்காந்து எல்லாத்தையும் நேராக்கிட்டு, பழசை அழிச்சிட்டேன். வயசானா சகஜம்தான், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

விரல் அதற்குப் பிறகு அசையவில்லை, ஆல்பம் மட்டும் வெளிவந்துவிட்டது. அதில் இரைச்சல் இல்லை, கோணல் இல்லை, நானும் இல்லை.