திருப்பித் தரக் கூடாத சட்டி

ஷூசின் என்ற பெயரைத் திங் பெரியம்மா முதன்முதலில் கேட்டது, தன் மருந்துச் சட்டி தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வீடு திரும்பிய அன்றுதான். மூன்றாம் வீட்டுக்கு வந்த புது மருமகள், மாமியாருக்குக் கஷாயம் காய்ச்ச இரவல் வாங்கியிருந்தாள். சீனாவின் லியாவ்செங் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்: மருந்துச் சட்டியை வாங்கினவர் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அடுத்து நோய் கண்டவர்தான் வந்து எடுத்துப் போக வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுத்த கணக்கு. ஆலைக் குடியிருப்பில் வளர்ந்த அவளுக்கு அது தெரியவில்லை.

"யாருடி நீ, வீடு தேடி நோயைச் சுமந்துட்டு வர்றவ?"

"ஷூசின், பெரியம்மா. கழுவித்தானே கொண்டாந்தேன்!"

அடுத்த வாரமே பெரியம்மாவின் வீட்டுக்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். பதினோரு வருஷம் பேச்சு நின்றது. சட்டி பரணில் கிடந்தது. ஷூசின் சந்து முனையில் மந்தோவ் ரொட்டி அவித்து விற்றாள். பெரியம்மா மட்டும் அங்கே வாங்க மாட்டாள்.

அப்புறம் ஷூசினுக்கு ரத்தப் புற்றுநோய். ஜினான் ஆஸ்பத்திரியில் தம்பி பாவ்ஷானின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். பாதிதான் பொருத்தம், அது போதும் என்றார்கள். கிருமி அண்டாத கண்ணாடி அறையில் முப்பத்தாறு நாள். வாயெல்லாம் புண். அங்கேயே இருந்த மூலிகை டாக்டர் எழுதிய கஷாயம், ஒட்டிய பையில் ஜன்னல் வழியாக உள்ளே போனது. அவரும் ரத்த டாக்டரும் ஒரே சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் ஷூசின் வாயைத் திறப்பாள். சித்தப்பா கொண்டுவந்த ஆமை ஓட்டுப் பொடி வாசலோடு திரும்பியது.

வீட்டுக்கு வந்தும் கஷாயம் தொடர வேண்டியிருந்தது. புதுச் சட்டி வாங்கினால் நோய்க்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. பாவ்ஷான் பெரியம்மா வாசலில் வந்து நின்றான்.

"அக்கா சட்டி கேக்கச் சொன்னா."

"ஏன், அவளுக்கு வாய் இல்லையா?"

"வெளிய வரக் கூடாதாம் பெரியம்மா. என் ரத்தம் அவளுக்குப் போயிருச்சு, அவ வாய் எனக்கு வந்திருச்சு."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டியோடு, மகன் அனுப்பிய ஜின்செங் வேரையும் கொடுத்தாள். வேர் மறுநாளே திரும்பி வந்தது. மாடி ஜன்னலிலிருந்து முகமூடியோடு ஷூசின் கத்தினாள்:

"கோவிச்சுக்காதீங்க! ரெண்டு கையெழுத்து இல்லாம எதுவும் உள்ள போகாது."

"என் வேருக்குக் கையெழுத்தா! சரிதான், உன் உடம்பு, உன் ராஜ்ஜியம்."

ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் கஷாய வாசம். பிறகு கஷாயம் போதும் என்று இரண்டு டாக்டரும் கையெழுத்துப் போட்டார்கள். ஷூசின் கடையைத் திறக்கத் துடித்தாள். ஆனால் சட்டி அவள் அடுப்படியிலேயே இருந்தது. யாராவது தேவைக்கு வந்து எடுக்காதவரை அது நோயாளி வீடுதான். அந்த வீட்டு மந்தோவை யார் வாங்குவார்கள்? கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது. அந்தப் பாடம் மறக்கவில்லை. பார்த்தால், சந்தில் ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை.

ஒரு காலை, சந்தே பார்க்க, திங் பெரியம்மா இருமிக்கொண்டே மூன்றாம் வீட்டுக்குப் போனாள்.

"இருமல் தாங்கல. சட்டியக் குடு."

"நேத்துக்கூட நல்லாத்தானே இருந்தீங்க, பெரியம்மா?"

"அது நேத்து. குடுடி."

சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு வீடு தாண்டும்வரை சத்தமாக இருமினாள். அப்புறம் இரும மறந்துபோனாள்.

ஆறு வருஷம் ஆகிறது. ஷூசின் இப்போது சந்தின் வடக்கு முனையில், தன் பழைய இடத்திலேயே, மந்தோவ் விற்கிறாள்.